பண்ணை ஷட்டருக்கு லீனியர் ஆக்சுவேட்டர்: இரண்டு ரிலே, ஒரு மாஸ்பெட், ஒரு நானோ போர்டு

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் கோழிக் கொட்டகைகளின் காற்று ஷட்டரைத் தானாகத் திறந்து மூட வைப்பதற்கு 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் நல்ல தேர்வு. உள்ளே ஒரு டிசி மோட்டார், பல்சக்கரப் பெட்டி, ஒரு திருகுத் தண்டு, இரு முனைகளிலும் எல்லை வந்ததும் கரண்டை வெட்டும் லிமிட் சுவிட்ச். வெளியே வருவது இரண்டே ஒயர். சிவப்பில் பிளஸ் கொடுத்தால் தண்டு நீளும், மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகும். கரண்டை நிறுத்தினாலும் திருகுத் தண்டு தன் இடத்திலேயே நிற்கும் என்பதால் ஷட்டர் பாதித் திறப்பிலும் நகராது.

இதை ஓட்டுவதற்கு, மோட்டாரை இரு திசையிலும் சுற்றவைக்கும் எச்-பிரிட்ஜ் மாட்யூல்கள் பல கிடைக்கின்றன. ஆனாலும் இந்த வழிகாட்டி வேறு சர்க்யூட்டை எடுத்துக்கொள்கிறது: திசையை மாற்றுவது இரண்டு ரிலே (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்), கரண்டை விடுவதும் நிறுத்துவதும் ஒரு மாஸ்பெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). ரிலே எப்போதும் கரண்ட் ஓடாத நேரத்தில் மட்டுமே மாறும். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் ரிலேக்குள் தொட்டு விலகும் பாயின்ட் கருகாது, போர்டு வருடக்கணக்கில் உழைக்கும். பழுது வந்தாலும் ஈரோட்டிலோ கோவையிலோ எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற பாகத்தை வாங்கி மாற்றிவிடலாம்.

எல் 298 என் மாட்யூல் பக்கம் போகவே வேண்டாம். சேனலுக்கு 2 ஆம்ப்தான் அதன் வரம்பு. அந்த 2 ஆம்பிலேயே மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து 4.9 வோல்ட் வரை விழுங்கலாம். 12 வோல்ட் கொடுத்து மோட்டாருக்கு 7, 8 வோல்ட் போய்ச் சேர்ந்தால் வேகமும் இருக்காது, இழுவையும் இருக்காது. மிச்சமெல்லாம் சூடாகப் போகும். பி.டி.எஸ். 7960 மாட்யூல் இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் பண்ணையில் அது கெட்டுப்போனால் மாட்யூலையே மாற்றவேண்டும், கையில் இன்னொன்று இருப்பில் இருக்கவேண்டும்.

முதலில் விசைக் கணக்கு

ஆக்சுவேட்டரை வாங்கிவிட்டு ஷட்டருக்குப் பொருத்துவதை விட, ஷட்டரை அளந்துவிட்டு ஆக்சுவேட்டர் வாங்குங்கள். கொங்கு நாட்டில் இந்தக் கணக்கில் ஆடிக் காற்றைச் சேர்க்காமல் விட முடியாது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தானே பல்லடம், உடுமலை, தாராபுரம் நெடுகக் காற்றாலை நிற்கிறது.

காற்றின் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை 0.613 ஆல் பெருக்கினால் பாஸ்கலில் கிடைக்கும். விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. காற்று என்றால் 138 பாஸ்கல். ஷட்டர் 1.2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் என்றால் பரப்பு 0.72 சதுர மீட்டர். அதன்மேல் விழும் விசை சுமார் 99 நியூட்டன். கீல் கீழ் விளிம்பில் இருந்தால் அந்த விசை 0.3 மீட்டர் தூரத்தில் வேலை செய்கிறது: 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம். ஷட்டரின் எடை 8 கிலோ என்றால், படுத்த நிலையில் அது 23.5 நியூட்டன் மீட்டர். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் சுமார் 53.

ஆக்சுவேட்டரின் நுனியைக் கீலிலிருந்து 0.2 மீட்டரில் மாட்டுகிறீர்கள், மிக மோசமான நிலையில் தண்டுக்கும் ஷட்டருக்கும் இடையே 30 டிகிரிதான் கோணம் என்று வையுங்கள். அப்போது பயன்படுகிற நெம்பு நீளம் 0.1 மீட்டர் மட்டுமே. தேவைப்படும் விசை 530 நியூட்டன். இதை இரட்டித்து 1000 நியூட்டனுக்குக் குறையாத ஆக்சுவேட்டராக வாங்குங்கள். 100 கிலோ தூக்கும் சக்தி ஒரு ஷட்டருக்கு எதற்கு என்று தோன்றும். கோணம் 15 டிகிரிக்குச் சுருங்கினால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான ‘இழுக்கலை’ புகார்களுக்குக் காரணம் பிராக்கெட் கீலுக்கு மிக அருகில் இருப்பதுதான். கோவையில் கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ பட்டறையில் பிராக்கெட் அடிக்கக் கொடுக்கும்போது 20 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை போடச் சொல்லுங்கள். களத்தில் சரிபார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது லேபிளில் வேலை விகிதத்தையும் பாருங்கள். 10 சதவீதம் என்று போட்டிருந்தால் 20 நிமிடத்தில் 2 நிமிடம்தான் ஓடலாம். ஷட்டருக்கு இது தாராளம். ஆனால் புரோகிராம் தவறாக எழுதப்பட்டு, வெப்பநிலை அரை டிகிரி அசையும்போதெல்லாம் தண்டு முன்னும் பின்னும் போனால், ஒரே மத்தியானத்தில் மோட்டார் புகைந்துவிடும்.

இங்கிருந்து எடுத்துக்காட்டுக்கு ஒரு ஆக்சுவேட்டரை வைத்துக்கொள்வோம்: 12 வோல்ட், 1000 நியூட்டன், 300 மி.மீ. நீளல், விநாடிக்கு 10 மி.மீ. வேகம், முழுச் சுமையில் 3 ஆம்ப்.

பாகங்கள்

அட்மெகா 328 பி உள்ள ஆர்டுயினோ நானோ போர்டு (புரோகிராமை ஓட்டும் சிறு கணினி) ஒன்று. 12 வோல்ட் காயில், 10 ஆம்ப் பாயின்ட், ஐந்து கால் ரிலே இரண்டு. ரிலேக்களை ஓட்ட யு.எல்.என். 2003 ஐசி, சாக்கெட்டோடு. மாஸ்பெட் ஐ.ஆர்.எல்.இசட் 44 என் ஒன்று. ஷாட்கி டயோடு எம்.பி.ஆர். 1045 ஒன்று, 1 என் 5822 ஒன்று. 0.1 ஓம் 5 வாட் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர் இரண்டு. 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. 1000 மைக்ரோபேரட் 35 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு, 10 மைக்ரோபேரட் ஒன்று, 100 நானோபேரட் செராமிக் நான்கைந்து. திடீர் வோல்ட் எகிறலை உள்வாங்கும் 1.5 கே.ஈ. 18 ஏ டி.வி.எஸ். டயோடு ஒன்று. 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் எல்.எம். 2596 பக் மாட்யூல் ஒன்று. கார், பைக்கில் வருகிற பிளேடு பியூஸ் 7.5 ஆம்ப், பழுப்பு நிறம், ஹோல்டரோடு. டி.எஸ். 18 பி 20 வெப்ப சென்சார், தண்ணீர் புகாத உறையில். மையத்தில் ஆப் நிலை உள்ள ஆறு கால் டாகிள் சுவிட்ச் ஒன்று, சாதாரண ஆறு கால் டாகிள் ஒன்று.

மாஸ்பெட் வாங்கும்போது ஒரே ஒரு எழுத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஐ.ஆர்.எப்.இசட் 44 என் கடையில் சுலபமாகக் கிடைக்கும், பார்க்கவும் அதே போல இருக்கும். அது கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும், அதாவது கரண்டை விடும். நானோவின் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து, 3 ஆம்பிலேயே விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடலாம். நடுவில் ‘எல்’ உள்ளது 5 வோல்ட்டுக்கென்றே செய்தது: 5 வோல்ட் கேட்டில் அதிகபட்சம் 25 மில்லி ஓம். 3 ஆம்பில் 0.225 வாட் என்பதால் ஹீட் சிங்க் கூட வேண்டாம். 6 ஆம்ப் ஆக்சுவேட்டர் என்றால் 0.9 வாட், சின்னதாக ஒன்று திருகிவிடுங்கள். நானோவுக்குப் பதில் ஈ.எஸ்.பி. 32 போடுகிறவர்களுக்கு 3.3 வோல்ட்தான் கிடைக்கும்; அதற்கு இந்த மாஸ்பெட்டும் முழுதாகத் திறக்காது. இடையில் டி.சி. 4427 கேட் டிரைவரை 12 வோல்ட்டில் வைத்து ஓட்டவேண்டும்.

பவர் சர்க்யூட்டை இணைப்பது

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பியூஸ். பியூசுக்கு அப்புறம் டி.வி.எஸ். டயோடு, பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் குறுக்கே, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். பக்கத்திலேயே ஒரு 1000 மைக்ரோபேரட். யாராவது பேட்டரி ஒயரை மாற்றி மாட்டினால் இந்த டயோடு நேராகக் கடத்தி பியூஸைப் போக்கிவிடும், போர்டு தப்பிக்கும். அதனால்தான் இது பியூசுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்கிறோம்.

ரிலே இரண்டின் காமன் காலும் ஆக்சுவேட்டரின் ஒவ்வொரு ஒயருக்குப் போகும். இரண்டு ரிலேயின் என்.ஓ. கால்களும் (ரிலே இழுத்தால் காமனோடு சேர்பவை) பிளஸ் 12-க்கு. இரண்டின் என்.சி. கால்களையும் (ரிலே விட்டிருக்கும்போது சேர்ந்திருப்பவை) ஒன்றாகச் சேர்த்து மாஸ்பெட்டில் கரண்ட் நுழையும் காலான டிரெயினுக்கு. மாஸ்பெட்டில் கரண்ட் வெளியேறும் காலான சோர்ஸிலிருந்து இரண்டு 0.1 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போட்டு (மொத்தம் 0.05 ஓம்) கிரவுண்டுக்கு. டிரெயினிலிருந்து பிளஸ் 12-க்கு எம்.பி.ஆர். 1045, கேத்தோடு (கோடு போட்ட முனை) பிளஸ் பக்கம்.

இந்த அமைப்பின் அருமையை ஒருமுறை காகிதத்தில் வரைந்து பாருங்கள். முதல் ரிலே மட்டும் இழுத்தால் ஒரு திசை, இரண்டாவது மட்டும் இழுத்தால் எதிர்த் திசை. இரண்டும் சேர்ந்து இழுத்தால் மோட்டாரின் இரு பக்கமும் பிளஸ், ஒன்றும் ஓடாது. இரண்டும் விட்டால் மோட்டாரின் இரு ஒயரும் தங்களுக்குள் சேர்ந்து, பிரேக் ஆகிவிடும். புரோகிராம் என்ன தவறு செய்தாலும் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் நேராக முட்டுகிற நிலை இந்தச் சர்க்யூட்டில் கிடையாது. மாஸ்பெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போதும் ரிலேயை விட்டால் மோட்டார் நிற்கும். ரிலே பாயின்ட் ஒட்டிக்கொண்டால் மாஸ்பெட்டை மூடி நிறுத்தலாம்.

சுமைக் கரண்ட் ஓடும் பாதைகளை ஜெனரல் பர்ப்பஸ் போர்டின் செப்புத் தடத்தில் விடாதீர்கள். 1 மி.மீ. அகலம், 5 செ.மீ. நீளமுள்ள சாதாரண தடமே சுமார் 25 மில்லி ஓம் வரும். நாம் அளக்க வைத்திருக்கும் ரெசிஸ்டரே 50 மில்லி ஓம்தான். பாதி அளவு பிழை தடத்திலேயே உட்கார்ந்துவிடும். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரையே காலுக்குக் கால் சால்டர் செய்யுங்கள். கரண்ட் அளக்கும் ஒயரை ரெசிஸ்டரின் காலிலிருந்தே தனியாக எடுங்கள். நானோவின் கிரவுண்டும் அந்த ரெசிஸ்டரின் கீழ்க்கால் புள்ளிக்கே வந்து சேரட்டும், வேறெங்கும் சேரக் கூடாது.

கட்டுப்பாட்டுப் பக்கம்

நானோவின் டி9-லிருந்து 220 ஓம் வழியாக மாஸ்பெட் கேட். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இந்த 10 கிலோ ஓம் இல்லையென்றால், நானோ ரீசெட் ஆகும் சில நொடிகளில் கேட் அந்தரத்தில் தொங்கும். மாஸ்பெட் அரைகுறையாகத் திறக்கும்.

டி4, டி5 இரண்டும் யு.எல்.என். 2003-இன் 1, 2-ஆம் கால்களுக்கு. 16, 15-ஆம் கால்கள் ரிலே காயில்களுக்கு, காயில்களின் மறுமுனை பிளஸ் 12. எட்டாவது கால் கிரவுண்ட். ஒன்பதாவது காலை மறக்காமல் பிளஸ் 12-இல் கொடுங்கள். காயிலின் எதிர்வீச்சை உள்வாங்கும் டயோடுகள் அங்கேதான் முடிகின்றன. அதைத் தொங்கவிட்டால் ஐசி கொஞ்ச நாள் ஓடிவிட்டுச் செத்துப்போகும், காரணமும் தெரியாது. டி13-இல் ரிலே வைக்கவேண்டாம். போர்டு ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சிறு புரோகிராம் அந்தக் காலைச் சிமிட்டும். ரிலே டக் டக்கென்று அடிக்கும்.

கரண்ட் அளக்க: ரெசிஸ்டரின் மேல்காலிலிருந்து 1 கிலோ ஓம், அப்புறம் ஏ0; ஏ0-விலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோபேரட். இது 10 மில்லி செகண்ட் வடிகட்டி. மோட்டார் பிரஷ்ஷின் இரைச்சலையும், மாஸ்பெட்டை வேகமாகத் திறந்து மூடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். துடிப்பையும் தட்டையாக்கும். நானோவின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ரெபரன்ஸை (அளவுக்கு ஒப்பிடும் வோல்ட்) தேர்ந்தெடுங்கள். ஒரு படி 1.07 மில்லி வோல்ட், அதாவது சுமார் 21 மில்லி ஆம்ப். சிக்னலைப் பெருக்க ஆப்-ஆம்ப் ஐசி எதுவும் தேவையில்லை. அந்த 1.1 வோல்ட் போர்டுக்குப் போர்டு 1.0-லிருந்து 1.2 வரை மாறும் என்பதால் கணக்கை நம்பாமல் ஒருமுறை அளந்து திருத்தவேண்டும்; அதைக் கீழே சொல்கிறோம்.

நானோவுக்குத் தேவையான 5 வோல்ட்டை அதன் சொந்த ரெகுலேட்டரிலிருந்து எடுக்காமல் பக் மாட்யூலிலிருந்து கொடுங்கள். பக்குக்கு முன்னால் 1 என் 5822 டயோடு, டயோடுக்குப் பின்னால் இரண்டாவது 1000 மைக்ரோபேரட். மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரி வோல்ட் சரியும். அப்போது இந்த டயோடு கதவு சாத்திய மாதிரி நின்று, கெபாசிட்டரில் இருப்பதை நானோவுக்கு மட்டும் விடும். பக் 30 மில்லி ஆம்ப் இழுத்தால் 12-லிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்க 160 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் சரிவு தாண்டிவிடும். ‘மோட்டார் கிளம்பும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகுது’ என்ற பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டு பாகத்திலேயே தீர்ந்துவிடும். பக்கை 5.0 வோல்ட்டுக்குத் திருகி வைத்த பிறகுதான் நானோவை இணைக்கவேண்டும்; புது மாட்யூல் எந்த வோல்ட்டில் வரும் என்று சொல்ல முடியாது.

டி.எஸ். 18 பி 20-இன் டேட்டா ஒயர் டி2-க்கு, அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம்.

பேட்டரியும் கேபிளும்

இந்த வேலைக்கு 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் எஸ்.எம்.எப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத) பேட்டரி, 13.5-லிருந்து 13.8 வோல்ட் வரை பிடித்து வைக்கும் சார்ஜரோடு. பேட்டரி இல்லாமல் வெறும் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை மட்டும் வைத்தால் இரண்டு கெடுதல். ஒன்று, மோட்டார் நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது இழுப்பது முழுச் சுமைக் கரண்டை விடப் பல மடங்கு. 5 ஆம்ப் சப்ளை உடனே தன்னைப் பாதுகாத்துக்கொண்டு அணைந்து அணைந்து எரியும். இரண்டு, கரண்ட் போனால் மூடிய கொட்டகையில் பேன் நின்று சூடு விறுவிறுவென ஏறும். ஷட்டர் திறக்கவேண்டிய மிக அவசரமான நேரமே அதுதான்; அப்போது ஆக்சுவேட்டருக்குக் கரண்ட் இல்லையென்றால் போர்டு எதற்கு? ஈ.பி. லைன் இருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறு 230 வோல்ட் காயில் ரிலேயின் பாயின்ட்டை டி3-இல் கொடுத்து, கரண்ட் போனதும் ஷட்டரைத் திறக்கச் சொல்லிவிடுங்கள். 230 வோல்ட் ஒயர் நுழையும் பகுதியைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

கேபிள் விஷயத்தில் கொட்டகையின் நீளம் ஆளைக் கவிழ்த்துவிடும். பெட்டி ஒரு முனையில், ஆக்சுவேட்டர் 40 மீட்டர் தள்ளி என்றால் போகவர 80 மீட்டர். 1.5 ஸ்கொயர் செப்பு ஒயர் கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 80 மீட்டருக்கு 1.06 ஓம், 3 ஆம்பில் 3.2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 4 ஸ்கொயர் போட்டால் 0.4 ஓம், 1.2 வோல்ட். இதற்கு மேல் தூரம் என்றால் 24 வோல்ட் ஆக்சுவேட்டருக்குப் போங்கள்: கரண்ட் பாதி, ஒயரில் விழும் வோல்ட்டும் பாதி. அப்போது ரிலே காயில்கள் 24 வோல்ட், டி.வி.எஸ். டயோடு 1.5 கே.ஈ. 36 ஏ, கெபாசிட்டர் 50 வோல்ட் என்று மாற்றவேண்டும்.

புரோகிராமின் நடை

டிலே போட்டு எழுதாதீர்கள். 30 விநாடி டிலேயில் நானோ தூங்கிக்கொண்டிருந்தால் ஸ்டாப் பட்டனைப் பார்க்க ஆளிருக்காது. நேரத்தை எண்ணும் மில்லிஸ் மூலம் நிலைகளாகப் பிரித்து எழுதுங்கள்: நிற்கிறது, திசை மாறுகிறது, கிளம்புகிறது, ஓடுகிறது, எல்லை தொட்டது, அடைபட்டது, பழுது.

ஒரு திசையில் போகச் சொல்லி உத்தரவு வந்தால் வரிசை இதுதான். முதலில் மாஸ்பெட் மூடியிருப்பதை உறுதி செய்து 300 மில்லி செகண்ட் காத்திருங்கள். மோட்டார் முழுதாக நிற்கட்டும். பிறகு வேண்டிய ரிலேயை இழுத்து 50 மில்லி செகண்ட் விடுங்கள். பாயின்ட் சேர 10 மில்லி செகண்ட் போதும், மிச்சம் துள்ளல் அடங்க. பிறகு டி9-இல் பி.டபிள்யூ.எம்.மை 0-விலிருந்து 255 வரை 400 மில்லி செகண்டில் ஏற்றுங்கள். டி9-இன் இயல்பான 490 ஹெர்ட்ஸ் இதற்குப் போதும். 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சத்தம் குறையும் என்று ஆசைப்படவேண்டாம். 220 ஓம் வழியாகக் கேட் மெதுவாகத்தான் நிரம்பும், மாஸ்பெட் சூடாகும். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் மாஸ்பெட், 300 மில்லி செகண்டுக்குப் பிறகு ரிலே.

கிளம்பி 500 மில்லி செகண்ட் வரை வரும் கரண்ட் அளவைக் கண்டுகொள்ளாதீர்கள். கிளம்பும் வேகத்தில் கரண்ட் எகிறுவதும், பி.டபிள்யூ.எம். ஓடும்போது மாஸ்பெட் திறந்திருக்கும் நேரத்துக் கரண்ட் மட்டுமே ரெசிஸ்டரில் தெரிவதும் சேர்ந்து அப்போதைய அளவு பொய்யாகவே இருக்கும். அதற்குப் பிறகு மூன்று கேள்வி மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.

கரண்ட் 0.15 ஆம்புக்குக் கீழே 200 மில்லி செகண்ட் நின்றதா? உள்ளே இருக்கும் லிமிட் சுவிட்ச் திறந்து கரண்டை வெட்டிவிட்டது; எல்லைக்கு வந்தாயிற்று. கரண்ட் வரம்புக்கு மேல் 150 மில்லி செகண்ட் நின்றதா? ஏதோ மாட்டிக்கொண்டது, நிறுத்தி, எதிர்த் திசையில் அரை விநாடி ஓட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு பழுது விளக்கைப் போடுங்கள். இரண்டும் இல்லாமல் 40 விநாடி தாண்டியதா? முழு நீளத்துக்கு 30 விநாடிதான் வேண்டும். உள்ளே பல்சக்கரம் உடைந்து மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம்.

முதல் கேள்வியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒயர் அறுந்தாலும் பியூஸ் போனாலும் கரண்ட் பூஜ்யம்தான். புரோகிராம் அதை ‘திறந்தாயிற்று’ என்று எழுதிக்கொள்ளும், ஷட்டரோ மூடியே இருக்கும். அதனால் எதிர்பார்த்த நேரத்துக்கு வெகு முன்பே பூஜ்யம் வந்தால் நம்பாமல், எதிர்த் திசையில் ஒரு விநாடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கரண்ட் வந்தால் ஷட்டர் நிஜமாகவே எல்லையில் இருந்தது. அங்கேயும் பூஜ்யம் என்றால் ஒயர் அல்லது பியூஸ், பஸ்ஸர் அடிக்கட்டும்.

வெப்ப சென்சாரின் பொய்களையும் பிடிக்கவேண்டும். அந்த சென்சார் மின்சாரம் விட்டு வந்த உடனே 85 டிகிரி என்று சொல்லும். ஒயர் போனால் வழக்கமான லைப்ரரி மைனஸ் 127 தரும். இரண்டையும் பழுது என்றே எடுத்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து வையுங்கள். திறக்கும் வெப்பநிலைக்கும் மூடும் வெப்பநிலைக்கும் குறைந்தது 2 டிகிரி இடைவெளி, ஒரு அசைவுக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடம். ஒரு முழு அசைவு 30 விநாடி என்பதால் 10 சதவீத வேலை விகிதம் அப்படியே காக்கப்படும். எந்த டிகிரியில் திறப்பது என்பது குஞ்சின் வயதைப் பொறுத்தது. பண்ணைக்காரர் மாற்றிக்கொள்ள ஒரு பொட்டென்ஷியோமீட்டரோ பட்டனோ வைத்துவிடுங்கள்.

புரோகிராம் உறைந்தால் நானோவை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கை 2 விநாடியில் போடுங்கள். பழைய பூட்லோடர் உள்ள நானோ, வாட்ச்டாக் அடித்ததும் மீளாமல் ரீசெட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் பூட்லோடரைப் புதுப்பித்துவிட்டு அந்த வேலையைச் செய்யுங்கள்.

கையால் இயக்க ஒரு வழி

போர்டு செத்தாலும் ஷட்டர் அசையவேண்டும். சாதாரண ஆறு கால் டாகிளின் நடுக்கால்கள் ஆக்சுவேட்டர் ஒயருக்கு. ஒரு பக்கக் கால்கள் ரிலேக்களின் காமனுக்கு. மறுபக்கக் கால்கள் மையத்தில் ஆப் உள்ள டாகிளின் நடுக்கால்களுக்கு. அந்த இரண்டாவது டாகிளின் ஓரக்கால்களைக் குறுக்கே மாற்றி மாற்றி 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள். இந்த 12 வோல்ட் பியூசுக்குப் பிறகே வரட்டும். இரவு 2 மணிக்கு நானோ நின்றுபோனால், பண்ணையில் இருப்பவர் சுவிட்சைத் தள்ளினால் போதும்.

சோதிக்கும் வரிசை

ஆக்சுவேட்டரை முதலில் மாட்டவே கூடாது. அதன் இடத்தில் கார் பிரேக் லைட்டில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டுங்கள். பல்ப் மெல்ல ஒளி ஏறி முழுதாக எரிந்தால் பி.டபிள்யூ.எம். சரி. பல்புக்கு இணையாக 1 கிலோ ஓமோடு இரண்டு நிற எல்.ஈ.டி.க்களை எதிரெதிராக வைத்தால் திசையும் தெரியும். ரிலேயின் டக் சத்தம் எப்போதும் பல்ப் அணைந்திருக்கும்போது மட்டுமே கேட்கவேண்டும். எரியும்போது டக்கென்றால் புரோகிராமின் வரிசை தவறு. அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

இதே பல்பில் கரண்டையும் திருத்திவிடலாம். மல்டிமீட்டரை 10 ஆம்ப் துளையில் போட்டு வரிசையில் இணையுங்கள். சுமார் 1.75 ஆம்ப் காட்டும். அப்போது ஏ0-வில் வரும் எண்ணால் மீட்டர் காட்டும் ஆம்பை வகுத்தால் உங்கள் போர்டின் சொந்த எண் கிடைக்கும். அதையே புரோகிராமில் எழுதுங்கள்.

பிறகு ஆக்சுவேட்டரை மேசைமேல் சுமையின்றி இரு திசையும் ஓட்டி, கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின் ஷட்டரோடு இரு திசையும் மீண்டும். ஏறும்போது 2.4, இறங்கும்போது 1.1 என்று வந்தால் வரம்பும் திசைக்கு ஒன்றாக இருக்கட்டும்: ஒவ்வொன்றின் ஒன்றரை மடங்கு, 3.6-ம் 1.7-ம். இரண்டுக்கும் ஒரே வரம்பை வைத்தால், இறங்கும்போது நடுவில் கை மாட்டினாலும் 3.6 ஆம்ப் வரை நசுக்கும். ஆடிக் காற்று பலமாக அடிக்கும் நாளில் வீண் பழுது காட்டினால், மேல்நோக்கிய வரம்பை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள், கீழ்நோக்கியதைத் தொடாதீர்கள்.

பொருத்தும் இடத்தில்

கோழிக் கொட்டகையின் அமோனியாவும் ஈரமும் தூசியும் செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும். போர்டைக் கொட்டகைக்கு வெளியே, வெயில் நேராகப் படாத சுவரில், தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பெட்டியில் வையுங்கள். கேபிள் நுழையும் கிளாண்ட் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கம். சால்டர் செய்த பக்கத்துக்கு பி.சி.பி. வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். ரிலேயின் கால் இடுக்கிலும் ஐசி சாக்கெட்டின் துளையிலும் வார்னிஷ் இறங்காமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆக்சுவேட்டரைத் தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டினால், கொட்டகை கழுவும் தண்ணீர் தண்டின் சீலில் தேங்காது. இரு முனைகளும் பின்னில் சுதந்திரமாகச் சுழலவேண்டும். ஒரு முனையைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஷட்டர் கோணம் மாறும்போது தண்டு வளையும். கரண்ட் ஏறி நடுவழியில் பழுது காட்டும். அகலமான ஒரே ஷட்டருக்கு இரண்டு ஆக்சுவேட்டரை ஒரே போர்டில் இணையாகப் போடாதீர்கள். இரண்டின் வேகமும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது, ஷட்டர் கோணலாகி இறுகும். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவரும், உள்ளே 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் உள்ள ஆக்சுவேட்டரும் வேண்டும். அப்போதுதான் முந்துவதைப் பி.டபிள்யூ.எம். குறைத்துப் பிடிக்க முடியும்.

உள்ளே லிமிட் சுவிட்ச் இல்லாத ஆக்சுவேட்டர் கையில் கிடைத்தால், வெளியே ரோலர் மைக்ரோ சுவிட்ச் இரண்டை வரிசையில், என்.சி. காலில் போடுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு 6 ஏ 10 டயோடு, எதிர்த் திசைக் கரண்ட் மட்டும் போகிற மாதிரி. டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் சுவிட்ச் திறந்தாலும் தண்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டயோடே இல்லையென்றால் எல்லைக்குப் போன தண்டு திரும்பி வராது. பிராக்கெட்டில் மாட்டும் முன் சுவிட்சைக் கையால் அழுத்தி இரு திசையும் பார்த்துவிடுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு திசைக் கரண்டையும் அளந்து பெட்டி மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். 2.4 இருந்த இடத்தில் 3 வந்தால் கீலில் துரு ஏறியிருக்கும் அல்லது பின் தேய்ந்திருக்கும். கிரீஸ் வைத்த பிறகும் இறங்கவில்லையென்றால் ஆக்சுவேட்டரின் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். பேட்டரியையும் அன்றே பாருங்கள்: சார்ஜரைக் கழற்றிவிட்டு ஷட்டரை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடும்போது வோல்ட் 11-க்குக் கீழே போனால், அடுத்த மின்தடைக்கு முன்பே மாற்றிவிடவேண்டும்.